தாராவி கோடை முகாமில் ஆங்கிலம் சொல்லித்தர வருகிறீர்களா? கேள்வி பதில்

மே விடுமுறையில் மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஆங்கிலப் பேச்சு முகாம்களுக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்கள் கேட்டவை இவை. இத்தகைய முகாம்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தருபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (செம்பூர்): அக்கா, என் இங்கிலீஷே ஆபீஸ் மெயில் எழுதுகிற அளவுதான். நான் வந்து என்ன சொல்லித்தரப் போகிறேன்?

பதில்: அது போதும். ஆனால் அந்த மெயில் ஆங்கிலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' எல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு? தண்ணீர் கேட்க, வழி சொல்ல, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நூறு வாக்கியம் தயங்காமல் வந்தால் முகாம் வெற்றிதான்.

கேள்வி (முலுண்ட்): முதல் நாள் எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதிலிருந்து. ஒரு அட்டையில் மேலே எழுத்துகள், அடுத்து சின்னச் சொற்கள், பிறகு ஒரு வாக்கியம், கடைசியில் நாலு வரிக் கதை. எங்கே தடுக்குகிறதோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலத்திலேயே ஐந்து கேள்வி: பெயர், வயது, வீட்டில் யார் யார், காலையில் என்ன சாப்பிட்டாய், நேற்று என்ன செய்தாய். கடைசிக் கேள்விக்கு இறந்தகாலத்தில் பதில் வந்தால் அந்தப் பிள்ளை மேல் குழு. ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம் ஆகும். 30 பிள்ளைகளை ஒருவரே பார்த்தால் 2 மணி நேரம். மூன்று பேர் பிரித்துக்கொண்டால் 40 நிமிடம்.

பள்ளியில் எத்தனாவது படிக்கிறார்கள் என்று பார்த்துக் குழு பிரிக்காதீர்கள். 1990களில் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு நாடு முழுக்கக் கொண்டுபோன முறையும் இதுதான்: இப்போது எவ்வளவு தெரியுமோ அதுதான் கணக்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏழாவது படிக்கும் பையனை மூன்றாவது பிள்ளைகளோடு உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். கீழ்க் குழுவை மட்டும் பத்து வயதுக்கு மேல், கீழ் என்று இரண்டாக்கிவிடுங்கள்.

கேள்வி (டோம்பிவிலி): 30 பிள்ளைகள், ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடாதா?

பதில்: முடிந்துவிடும். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால் ஆளுக்கு 2 நிமிடம், மீதி 58 நிமிடம் வேடிக்கை. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தால் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் பேச்சு கிடைக்கும். முகாமில் நான் பார்ப்பது இந்த ஒரு கணக்கைத்தான்: ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறந்தது.

எளிய விளையாட்டு ஒன்று. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் படம்: ஒரு கோலி (ஓரறை வீடு), வாசலில் நீல டிரம், மேலே பரண், பரணில் பூனை, கொடியில் இரண்டு சட்டை. இன்னொருவர் கையில் வெறும் தாள். 'வேர் இஸ் தி கேட்?' 'ஆன் தி லாஃப்ட்.' கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். 8 நிமிடம் கழித்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பூனை டிரம்முக்குள் இருந்தால் சிரிப்பு. எந்தச் சொல் கைவிட்டது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இது பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால். தேவையான வாக்கியங்களைக் கொடுக்காமலே ஆரம்பித்துவிடுவோம். பிள்ளைகள் இந்திக்குத் தாவிவிடுவார்கள். முதலில் ஆறு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ஒரு ஜோடியை முன்னால் உட்காரவைத்து ஆடிக் காட்டுங்கள். 'சே இட் அகெய்ன்' அந்த ஆறில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி (மாட்டுங்கா): தமிழ் பேசினால் அபராதம் என்று வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டில் தமிழ், கல்லியில் (சந்தில்) இந்தி, கூடவே மராத்தி என்று மூன்று மொழிகளில் புழங்குகிற பிள்ளைகள் அவர்கள். அபராதம் போட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், அவ்வளவுதான். விளையாட்டின் விதியைத் தமிழில் ஒரு முறை சொல்லுங்கள். விளையாட்டு ஆங்கிலத்தில் நடக்கட்டும்.

கேள்வி (நவி மும்பை): 'புக்கு', 'பஸ்ஸு' என்றுதான் வருகிறது. எப்படித் திருத்துவது?

பதில்: அது நம் குற்றியலுகரம். திட்டினால் போகாது, அதன் குணத்தை வைத்தே போக்கலாம். பின்னால் உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் தானாக ஓடிவிடும், 'புக்கு இருக்கு' என்பது 'புக்கிருக்கு' ஆவது போல. ஆகவே 'புக்' என்று தனியாகச் சொல்லவைக்காமல் 'புக் இஸ் ஹியர்', 'பஸ் இஸ் லேட்' என்று சேர்த்தே சொல்லவையுங்கள். நாலு நாள் கழித்துப் பின்பாதியை வெட்டிவிடலாம்.

'யெக்', 'வொன்லி' என்று முன்னால் ஒட்டிக்கொள்ளும் ய, வ இன்னொன்று. முதலில் 'அன் எக்' என்று சொல்லவைத்தால் குறையும். p, b, k, g ஒலி வேறுபாடு பற்றிக் கவலைப்படாதீர்கள், இந்தி பேசுவதால் மும்பைப் பிள்ளைகளுக்கு அது கைவந்தது. உச்சரிப்பைவிட 'ஃபைவ் புக்', 'டூ பிரதர்' என்று பன்மையை விடுவதுதான் அதிகம். தமிழில் 'ஐந்து புத்தகம்' சரிதானே? எண்ணிக்கையோடு கடை விளையாட்டு வைத்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். பேச்சின் நடுவில் மறித்துத் திருத்தாமல், நீங்கள் பதில் சொல்லும்போது சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கேள்வி (கல்யாண்): என்னென்ன வாங்கிவர வேண்டும்?

பதில்: 30 பேருக்கு இரண்டு வாரம் என்றால் ஏ4 தாள் ஒரு கட்டு, பென்சில் 40, சாக்பீஸ் பெட்டி ஒன்று, சார்ட் தாள் 6. கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், படிக்கும் திறனுக்கேற்ப நிலை பிரித்திருப்பார்கள். ஒரு கதைக்குப் 10 பிரதி போதும், மூன்று பேருக்கு ஒன்று. ஆளுக்கொன்று கொடுத்தால் தனித்தனியாகக் குனிந்துகொள்வார்கள்.

கேள்வி (துபாய்): லீவில் மும்பை வருகிறேன், பத்து நாள்தான் இருப்பேன். கூட வேலைபார்க்கும் வெளிநாட்டு நண்பரும் வர ஆசைப்படுகிறார். முடியுமா?

பதில்: நீங்கள் வரலாம்; தனிக் குழு எடுக்காதீர்கள். பாதியில் முகம் மாறினால் பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள். ஏற்கெனவே இருக்கும் குழுவில் இரண்டாம் ஆளாகச் சேருங்கள். நண்பருக்கு: சம்பளமோ வேறு பலனோ இல்லாத குறுகிய காலத் தன்னார்வப் பணிக்குச் சுற்றுலா இ-விசாவிலேயே இடம் உண்டு, அதிகபட்சம் ஒரு மாதம். விண்ணப்பத்தில் நோக்கத்தை அப்படியே குறிப்பிட வேண்டும். அவர் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் நல்லது.

கேள்வி (செம்பூர்): பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடலாமா?

பதில்: பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் போடக் கூடாது. எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பதாகத் தெரியவந்தால் பொறுப்பாளரிடம் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசலாம்.

கேள்வி (முலுண்ட்): முதல் வாரம் 30 பேர், மறுவாரம் 18 பேர் என்று ஆகிறதாமே, ஏன்?

பதில்: மே மாதத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. டிக்கெட் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதோ அன்று கிளம்பிவிடுவார்கள். ஆகவே நேற்றைய பாடம் தெரிந்தால்தான் இன்றையது புரியும் என்று அமைக்காதீர்கள்; ஒவ்வொரு நாளும் தனியாக நிற்க வேண்டும். பள்ளி ஜூன் நடுவில்தான் திறக்கும், ஊரிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஜூன் முதல் வாரத்தில் ஒரு சுற்று வைக்கலாம்.

இன்னொரு காரணம் தண்ணீர். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பெரிய பெண்பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு கல்லிக்கும் நேரம் வேறு. அட்டவணை போடுவதற்கு முன் அதை அம்மாக்களிடம் கேளுங்கள். தகரக் கூரை என்றால் பதினொரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது, அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டோம்பிவிலி): கடைசி நாள் நாடகம் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் மனப்பாட நாடகம் ஒரு வாரத்தைத் தின்றுவிடும், பேசுவது நாலு பிள்ளைகள்தான். அதற்குப் பதிலாக அம்மா அப்பாவை வரவழைத்து அதே முதுகோடு முதுகு விளையாட்டை ஆடுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும், பிறகு தமிழில், அம்மா வரையட்டும். மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள், அப்போதுதான் வேலைக்குப் போன அப்பாக்கள் திரும்பியிருப்பார்கள்.