ஈயடிச்சான் காப்பியும் டேக்டவுன் நோட்டீஸும்: கேம் குளோன்கள் பற்றிய கேள்வி பதில்

கேம் செய்பவர்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரிய ஆப் ஸ்டோர்களும் கோடு ஹோஸ்டிங் தளங்களும் அமெரிக்க நிறுவனங்களுடையவை. டேக்டவுன் நோட்டீஸ் (மீறும் பொருளை நீக்கச் சொல்லி உரிமையாளர் தளத்துக்கு அனுப்புவது), எதிர் நோட்டீஸ் (நீக்கப்பட்டவர் தரும் மறுப்பு) எல்லாம் அந்நாட்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டப்படிதான் ஓடுகின்றன. அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தை ஒட்டியே இருக்கும்.

கேள்வி: என் பஸில் கேமின் விதிகளை அப்படியே எடுத்து, படங்களை மட்டும் மாற்றி ஒருவர் வெளியிட்டிருக்கிறார். வழக்கு நிற்குமா?

பதில்: விதிகள் மட்டும்தான் ஒன்று என்றால் நிற்காது. விளையாட்டின் விதி, முறை, இயங்கும் விதம் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. கருத்துக்கும் முறைக்கும் இயங்கும் விதத்துக்கும் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102(பி) பிரிவு சொல்கிறது. மூன்று கட்டங்கள் சேர்ந்தால் மறையும் என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதைத் திரையில் எப்படிக் காட்டினீர்கள் என்பதுதான் உங்களுடையது.

ஆனால் 'படங்கள் மட்டும்' என்று நீங்கள் ஒதுக்குவதற்குள் நிறைய ஒளிந்திருக்கும். டெட்ரிஸ் நிறுவனம், தன் கேமைப் போலவே ஒன்றை வெளியிட்ட க்ஸியோ மீது தொடுத்த வழக்கில் (நியூ ஜெர்சி, தீர்ப்பு 2012) க்ஸியோ தரப்பு, "விதிகளைத்தான் எடுத்தோம், அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை" என்றே வாதிட்டது. நீதிமன்றம் இரண்டு கேம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 20-க்கு 10 கட்டப் பலகை, துண்டுகளின் வடிவமும் நிறமும், துண்டு எங்கே விழும் என்று காட்டும் நிழல், அடுத்த துண்டைக் காட்டும் சிறு பெட்டி, ஆட்டம் முடிந்ததும் பலகை நிரம்பும் விதம் எல்லாம் ஒன்றாக இருந்தன. இவை இல்லாமலும் அந்த விதிகளை எழுதியிருக்கலாமே என்பதுதான் தீர்ப்பின் சாரம். க்ஸியோ தோற்றது.

அதே ஆண்டு ஸ்ப்ரை ஃபாக்ஸின் 'டிரிபிள் டவுன்' வழக்கும் வந்தது. கரடிக்குப் பதிலாக எட்டியை (பனிமனிதனை) போட்டு 'எட்டி டவுன்' என்று வெளியிட்டவர்கள், வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்தது. கடைசியில் சமரசம் ஆகி, எட்டி டவுனே ஸ்ப்ரை ஃபாக்ஸின் கைக்குப் போனது. பொம்மையை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம்.

கேள்வி: 30 சதவீதம் மாற்றினால் குற்றமில்லை என்கிறார்களே?

பதில்: எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு சதவீதம் கிடையாது. எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதே இல்லை. 1981-ல் அட்டாரியின் 'ஆஸ்டிராய்ட்ஸ்' வழக்கில் நீதிமன்றம் 22 ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டுவிட்டு, குளோன் பக்கமே தீர்ப்பு சொன்னது. பாறைகளைச் சுடும் விண்கலம் என்றாலே அந்த ஒற்றுமைகள் வந்துதான் தீரும் என்பது காரணம். மறு ஆண்டே 'பேக்-மேன்' வழக்கில் வேறு திசை. புதிர்ப்பாதையையும் புள்ளிகளையும் நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுங்கும் உருவத்தையும் துரத்தும் பேய்களையும் அவ்வளவு நெருக்கமாக வரைய அவசியமே இல்லை என்று சொல்லி 'கே.சி. மன்ச்கின்'-க்குத் தடை போட்டது.

குளோனில் ஒத்துப்போகும் ஒவ்வொரு அம்சத்தையும் எடுத்துக்கொண்டு, 'இது இல்லாமல் இந்த வகை விளையாட்டே இருக்க முடியாதா?' என்று கேட்டுப் பாருங்கள். கராத்தே விளையாட்டில் உதையும் குத்தும் இருந்துதான் ஆக வேண்டும். தன் கராத்தே கேமைக் காப்பியடித்தார்கள் என்று வழக்குப் போட்ட டேட்டா ஈஸ்ட் 1988-ல் அதனால்தான் மேல்முறையீட்டில் தோற்றது. தோற்கும் வீரனின் முகம், லெவல் வரிசை, கடையில் பொருட்களின் விலை விகிதம் எல்லாம் ஒன்றாக இருந்தால் அதற்குச் சாக்கு கிடையாது.

கேள்வி: என் படங்களையே எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். நோட்டீஸ் அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஆதாரம், பிறகுதான் நோட்டீஸ். நோட்டீஸ் போன மறுநாளே அவர்கள் புதிய பதிப்பு ஏற்றிவிடுவார்கள்; பிறகு காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

குளோனை ஒரு போனில் நிறுவி, ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் கோப்பு) எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். அதன் பதிப்பு எண்ணையும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷையும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) குறித்துக்கொள்ளுங்கள். ஏபிகே என்பது ஜிப் கோப்புதான். பிரித்து 'அசெட்ஸ்', 'ரெஸ்' ஃபோல்டர்களில் உள்ள ஒவ்வொரு படம், ஒலிக் கோப்பின் ஹேஷையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். ஒரே ஹேஷ் என்றால் விவாதமே இல்லை. பொருந்தவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்: மறுபடி கம்ப்ரெஸ் செய்தாலே ஹேஷ் மாறிவிடும். அப்போது ஒன்றின் மேல் ஒன்றை வைத்து பிக்ஸல் வித்தியாசம் பாருங்கள். நீங்கள் அழிக்க மறந்த ஒற்றை பிக்ஸல், தவறான நிழல், வெட்டுக்கோட்டில் தங்கிய வெள்ளை ஓரம் அங்கேயும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஐஎல்2சிபிபி முறையில் பில்டு செய்த கேம் என்றால் 'குளோபல்-மெட்டாடேட்டா.டேட்' என்ற கோப்பைப் பாருங்கள். அதைக் குழப்பிவைக்காமல் விட்டிருந்தால் கிளாஸ் பெயர்களும் ஸ்ட்ரிங்குகளும் அப்படியே கிடக்கும். நீங்கள் எழுத்துப்பிழையோடு வைத்த பெயர் அங்கேயும் அதே பிழையோடு இருந்தால் கோடே போயிருக்கிறது என்று பொருள். லெவல்களையும் விடாதீர்கள்: 50 லெவல் அதே வரிசையில் அதே அமைப்பில் இருப்பது தற்செயல் ஆகாது.

கடைசியாக, இரண்டு திரைகளையும் அருகருகே வைத்த படங்கள் ஐந்தாறு. நோட்டீஸைப் படிக்கும் ஊழியருக்கு நேரம் கிடையாது, படம்தான் பேசும்.

கேள்வி: நோட்டீஸில் என்னென்ன இருக்க வேண்டும்? இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: டிஎம்சிஏவின் 512(சி)(3) பிரிவு ஆறு விஷயங்கள் கேட்கிறது: உங்கள் கையொப்பம் (மின்னணுவாக இருக்கலாம்), உங்கள் படைப்பு எது, மீறும் பொருள் எங்கே இருக்கிறது, தொடர்பு விவரம், அனுமதியில்லாமல் பயன்படுத்தப்படுகிறது என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஒரு வாசகம், தகவல் சரியானது என்றும், உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் உண்டு என்று பொய்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டும் சொல்லும் வாசகம்.

நிராகரிக்கப்படும் நோட்டீஸ்கள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவதில்தான் சறுக்குகின்றன. 'என் கேமைத் திருடிவிட்டார்கள்' என்பது படைப்பை அடையாளம் காட்டுவது ஆகாது. 'கதாநாயகன் ஓடும் 12 ஃபிரேம் அனிமேஷன், தொடக்கத் திரைப் படம், 1 முதல் 40 வரை லெவல் அமைப்பு' என்று எழுதுங்கள். டெவலப்பர் பக்கத்தின் முகவரி போதாது. ஒவ்வொரு ஆப்பின் முகவரியும் தனித்தனியாக வேண்டும். கோடு தளமான கிட்ஹப்பில் ஃபோர்க்குகள் (மற்றவர்கள் எடுத்து வைத்த நகல்கள்) தானாக நீங்காது: ஒவ்வொன்றையும் குறிப்பிடுங்கள், அல்லது ஃபோர்க்குகளும் அதே அளவு மீறுகின்றன என்று எழுத்தில் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் 'வேர்டில்' குளோன் ஒன்றின் மீது அனுப்பிய நோட்டீஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபோர்க்குகள் சிக்கியது இப்படித்தான். (அந்த நோட்டீஸ் கட்ட அமைப்பையும் பச்சை, மஞ்சள் நிறங்களையும் உரிமை கோரியது. நீதிமன்றத்தில் அது தாங்குமா என்பது வேறு கதை.)

பெயரை மட்டும் எடுத்திருந்தால் டிஎம்சிஏ படிவத்தைத் தொடாதீர்கள். அது டிரேட்மார்க் விஷயம், படிவமே வேறு.

ஆப்பிளின் நடைமுறை கொஞ்சம் வித்தியாசமானது. உங்கள் புகாரை எதிர்த்தரப்பு டெவலப்பருக்கு அனுப்பி இருவரையும் மின்னஞ்சலில் பேச விடுவார்கள். அங்கே கோபத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் பிற்பாடு நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம்; சுருக்கமாக எழுதுங்கள்.

கேள்வி: எதிர் நோட்டீஸ் வந்துவிட்டது. இனி?

பதில்: கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. எதிர் நோட்டீஸ் தளத்துக்குக் கிடைத்த 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடுத்ததாகத் தகவல் தராவிட்டால், தளம் அந்தக் கேமைத் திரும்ப வைத்துவிடும். டெட்ரிஸ் வழக்கு இந்த இடத்தில்தான் பிறந்தது: ஆப்பிள் நீக்கியது, க்ஸியோ எதிர் நோட்டீஸ் கொடுத்தது, டெட்ரிஸ் நீதிமன்றம் போனது.

இங்கே பலரும் தடுக்கி விழுவது பதிவில். அமெரிக்கப் படைப்பு என்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு முடிந்த பிறகே வழக்குப் போடலாம். விண்ணப்பித்தால் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் 'ஃபோர்த் எஸ்டேட்' வழக்கில் சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் ஆகும் பதிவை 14 நாளில் முடிக்க வேண்டுமென்றால் அவசரக் கட்டணம் 800 டாலர் தனி. சாதாரண விண்ணப்பம் 65 டாலர்தான். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வெளியான படைப்புக்கு இந்த முன்நிபந்தனை இல்லை. ஆனால் உலகம் முழுவதும் ஒரே நாளில் இணையத்தில் வெளியிட்டால் அது அமெரிக்கப் படைப்பா இல்லையா என்பதில் அங்குள்ள நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. அந்தத் தலைவலியை 65 டாலரில் தவிர்ப்பது மேல்.

பதிவுக்கு இன்னொரு பலனும் உண்டு. வெளியிட்ட மூன்று மாதத்துக்குள், அல்லது மீறல் தொடங்கும் முன், பதிவு செய்திருந்தால் நஷ்டத்தை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்கலாம். வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 வரை. வக்கீல் கட்டணமும் கேட்கலாம். வெளிநாட்டுப் படைப்புக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். கோடு முழுவதையும் கொடுக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள்: முதல் 25 பக்கம், கடைசி 25 பக்கம், ரகசியப் பகுதிகளைக் கறுப்படித்துத் தர வழி உண்டு.

கேள்வி: படங்களை வரைந்தவர் ஃப்ரீலான்ஸர். பணம் கொடுத்துவிட்டேன். உரிமை என்னுடையதுதானே?

பதில்: எழுத்தில் இல்லையென்றால் பெரும்பாலும் அவருடையதுதான். பணம் கொடுத்தது பயன்படுத்தும் அனுமதியை வாங்கித் தரும். உரிமையை மாற்றித் தராது. 'உரிமை முழுவதையும் மாற்றித் தருகிறேன்' என்று அவர் கையெழுத்திட்ட காகிதம் இல்லாமல் நோட்டீஸ் அனுப்பினால், குளோன்காரர் நேராக அந்த ஓவியரைத் தேடிப் போய் லைசென்ஸ் வாங்கிவிடலாம். இசைக்கும் இதே கதைதான்.

கேள்வி: அசெட் ஸ்டோரில் (கேமுக்கான படம், ஒலி விற்கும் கடை) வாங்கிய கதாபாத்திரம் இன்னொரு கேமிலும் வருகிறது. புகார் கொடுக்கலாமா?

பதில்: அவரும் வாங்கியிருப்பார். விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கேமை எம்ஐடி என்ற திறமூல லைசென்ஸில் வெளியிட்டேன். ஒருவர் விளம்பரம் செருகி விற்கிறார். தடுக்க முடியுமா?

பதில்: விற்பதைத் தடுக்க முடியாது; நீங்கள்தானே அனுமதித்தீர்கள். '2048' எம்ஐடியில் வந்ததும் ஸ்டோர் முழுக்க அதன் பிரதிகள் முளைத்தது ஞாபகம் இருக்கும். ஆனால் எம்ஐடிக்கு ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் பதிப்புரிமை வரியும் லைசென்ஸ் வாசகமும் பிரதியில் இருக்க வேண்டும். அதை வெட்டியெறிந்திருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம். திறமூல லைசென்ஸின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்று 2008-ல் 'ஜேக்கப்சன்–கேட்ஸர்' மேல்முறையீட்டில் தீர்ப்பு இருக்கிறது. அவர் அந்த வரியைச் சேர்த்துவிட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

அடுத்த கேமுக்கு 'டூம்' கேமின் வழியைப் பாருங்கள். அதன் சோர்ஸ் கோடு 1997-ல் வெளியானது, 1999-ல் ஜிபிஎல் என்ற திறமூல லைசென்ஸுக்கு மாறியது. லெவல்களும் படங்களும் இன்றுவரை விற்பனைப் பொருள்தான். ரெப்போவில் (கோடு வைக்கும் இடம்) கோடுக்கு ஒரு லைசென்ஸ் கோப்பு, அசெட் ஃபோல்டருக்குள் 'எல்லா உரிமையும் பாதுகாக்கப்பட்டவை' என்று தனியாக இன்னொன்று, பெயருக்கும் லோகோவுக்கும் அனுமதி இல்லை என்று ரீட்மீயில் ஒரு வரி. மேல்மட்டத்தில் ஒரே லைசென்ஸ் கோப்பை மட்டும் போட்டுவிட்டு, 'படங்களுக்கு அது பொருந்தாது என்று நினைத்தேன்' என்பது எடுபடாது.

கேள்வி: பழைய கேம் ஒன்றின் எஞ்சினை முதலிலிருந்து எழுதுகிறோம். அந்த நிறுவனம் இப்போது விற்பதே இல்லை. ஆபத்து உண்டா?

பதில்: விற்காமல் விட்டால் உரிமை காலாவதி ஆகிவிடாது. 'கைவிடப்பட்ட கேம்' என்பது இணையத்துப் பேச்சு, சட்டத்தில் இல்லை. எஞ்சினை நீங்களே எழுதுங்கள். படம், ஒலியை ரெப்போவில் வைக்காதீர்கள். விளையாடுபவரிடம் இருக்கும் அசல் வட்டிலிருந்து படிக்கும்படி செய்யுங்கள். படங்களைப் பொறுத்தவரை 'ஓபன்டிடிடி' (பழைய 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' கேமின் திறமூல மறு ஆக்கம்) அப்படித்தான் தொடங்கியது. பிறகு 'ஓபன்ஜிஎஃப்எக்ஸ்' என்று சொந்தப் படத்தொகுப்பு வந்ததும் அசல் படக் கோப்புகள் தேவைப்படவில்லை. பழைய நிரலை டிஸ்அசெம்பிள் செய்து (இயந்திர மொழியிலிருந்து பிரித்துப் படித்து) வரிக்கு வரி சி மொழிக்கு மாற்றுவது வேறு ரகம். அது அசலின் வழிப்படைப்பு, ஆபத்து அதிகம். ஒருவர் பிரித்துப் பார்த்துக் குறிப்பு எழுத, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து வேறொருவர் கோடு எழுதுவது பாதுகாப்பான முறை. கமிட் வரலாற்றிலும் (ரெப்போவில் சேமித்த பழைய மாற்றங்கள்) அசல் ஸ்ப்ரைட் (கேம் உருவப் படம்) கோப்பு தங்கியிருக்கக் கூடாது; கடைசி கமிட்டில் நீக்கினாலும் பழைய கமிட்டிலிருந்து எவரும் எடுக்கலாம்.

கேள்வி: விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லை. பேட்டண்ட்?

பதில்: உண்டு. லோடிங் திரையில் சின்ன விளையாட்டு வைப்பதற்கு நாம்கோவிடம் இருந்த பேட்டண்ட் 2015-ல்தான் முடிந்தது. 2024 செப்டம்பரில் நிண்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் 'பால்வேர்ல்ட்' கேம் தொடர்பாக டோக்கியோவில் தொடுத்த வழக்கும் பேட்டண்ட் வழக்குதான், பதிப்புரிமை வழக்கு அல்ல. ஆனால் சிறு டெவலப்பருக்குச் செலவு கட்டுப்படியாகாது. நாட்டுக்கு நாடு தனியாக வாங்க வேண்டும், வெளியிடும் முன்பே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: போட்டியாளர் பொய் நோட்டீஸ் அனுப்பி என் கேமைத் தூக்கிவிட்டார்.

பதில்: எதிர் நோட்டீஸ் கொடுங்கள். அதில் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாக எழுத வேண்டும், உங்கள் முகவரி எதிராளிக்குப் போகும்; இரண்டுக்கும் தயாராக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். தெரிந்தே பொய் சொன்னவரிடம் 512(எஃப்) பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் 'தெரிந்தே' என்பதை நிரூபிப்பது கடினம். உங்கள் கிட் வரலாறு, லேயர்களோடு உள்ள அசல் படக் கோப்புகள், ஓவியரின் உரிமை மாற்றக் காகிதம், அசெட் வாங்கிய ரசீது ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் எதிர் நோட்டீஸை அன்றைக்கே அனுப்பிவிடலாம். அந்த 10 நாள் கணக்கு அது தளத்துக்குக் கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.