50,000 பேர் படிக்கிறார்கள் என்பதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51, சேலத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை, பிடித்தம் போக மாதம் 1.4 லட்சம் கைக்கு வருகிறது. மனைவி ஆசிரியை, அவருக்கு 65,000. மகன் பிளஸ் டூ முடிக்கிறான், மகள் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமான பர்டியூவில் மகனுக்குப் பொறியியல் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை எதுவும் இல்லை. 50,000க்கு மேல் மாணவர்கள், வெளிநாட்டவரில் இந்தியர்களும் சீனர்களும்தான் அதிகம் என்று பார்த்தேன். அமெரிக்க அரசின் தளத்தில் படித்து முடித்தவர்களின் சம்பளமும் நன்றாகவே இருக்கிறது. இத்தனை பேர் நம்பிப் போகும் இடத்தில் பணம் வீணாகாது என்று நினைக்கிறேன். கையில் 45 லட்சம் இருக்கிறது. கடனில்லாத வீட்டை அடமானம் வைத்து 1.2 கோடி கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: சார், முதலில் உங்கள் மகனுக்கு வாழ்த்துகள். பர்டியூ நல்ல பல்கலைக்கழகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1869இல் தொடங்கியது, நீல் ஆம்ஸ்ட்ராங் விமானப் பொறியியல் படித்த இடம், அங்கே பொறியியல் இடம் வாங்குவது லேசான காரியமில்லை. ஆனால் நீங்கள் கேட்டபடி வீட்டை வைத்து 1.2 கோடி வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில், காரணத்தையும் நீங்கள் பார்த்த அதே மாணவர் எண்ணிக்கையிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் அந்த எண்கள் எதையும் மறைக்கவில்லை, நாம்தான் நமக்குப் பிடித்த வரியோடு நின்றுவிடுகிறோம்.

அந்த 50,000 எப்படி வந்தது என்று பாருங்கள். 2013 வாக்கில் பர்டியூவின் முதன்மை வளாகமான வெஸ்ட் லாஃபயெட்டில் 39,000 பேருக்குப் பக்கம் இருந்தார்கள், 2022இல் 50,000ஐத் தாண்டியது. அதே காலத்தில்தான் பர்டியூ கல்விக் கட்டணத்தை ஏற்றாமல் அப்படியே வைத்திருந்தது, 2013இலிருந்து இண்டியானா மாணவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்குள், வெளிமாநில மாணவருக்கு 28,794 டாலர். கட்டணத்தை ஏற்றாமல் ஒரு நிறுவனம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் செலவைக் குறைக்க வேண்டும், கூடுதல் பேரைச் சேர்க்க வேண்டும், அதிலும் முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் கணிசமாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பையன் கட்டுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெளியூர்ப் பையன் கட்டுகிறான், வெளிநாட்டு மாணவர் என்றால் அதற்கு மேலும் தனிக் கட்டணம், பொறியியல் என்றால் இன்னொன்று. இதில் தப்பு எதுவும் இல்லை, இண்டியானா மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் சலுகை தரும், நம் மாநிலத்திலும் அப்படித்தானே. ஆனால் மாணவர் எண்ணிக்கை கூடியது என்பது பல்கலைக்கழகத்தின் வரவு செலவு நன்றாக இருக்கிறது என்பதைக் காட்டும் எண். உங்கள் வீட்டு வரவு செலவு பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இன்னொன்று, "கட்டணம் ஏறவே இல்லை" என்பதையும் ரூபாயில் போட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் டாலர் 74 ரூபாய் பக்கம் இருந்தது, 28,794 டாலர் என்றால் 21.3 லட்சம். அந்தப் பையன் நான்காம் ஆண்டு கட்டும்போது டாலர் 85 பக்கம் வந்துவிட்டது, அதே 28,794க்கு 24.5 லட்சம். ஒரு டாலர்கூட ஏற்றவில்லை, நம் ஊர் அப்பாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் ஏறிவிட்டது. உங்கள் கணக்கில் இதற்கு இடமே விடவில்லை சார்.

சரி, இந்தியர்கள் நிறையப் பேர் என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் எந்த இந்தியர்கள்? அமெரிக்கா முழுக்க 2023-24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததாக ஓப்பன் டோர்ஸ் என்ற வெளிநாட்டு மாணவர் கணக்கெடுப்பு அறிக்கை சொல்கிறது. அதில் முதுநிலை, முனைவர் படிப்பில் இருந்தவர்கள் 1,96,567. படிப்பை முடித்துவிட்டு, ஓபிடி என்ற தற்காலிகப் பயிற்சி வேலை அனுமதியில் வேலை பார்த்தவர்கள் 97,556, இவர்களையும் மாணவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இளநிலையில் இருந்தவர்கள் 36,053 பேர் மட்டும், அதாவது நூற்றுக்குப் பதினொருவர். நீங்கள் பார்க்கிற கூட்டத்தில் பெரும்பாலோர் இங்கே பி.இ. முடித்து, இரண்டே ஆண்டு எம்.எஸ். படிக்கப் போனவர்கள். அவர்கள் செலவு இரண்டு ஆண்டு, உங்களுடையது நான்கு ஆண்டு. அவர்களில் சிலருக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்துக் கட்டணமே தள்ளுபடியாகும், இளநிலையில் அந்த வழி அநேகமாகக் கிடையாது. அவர்கள் தைரியத்தைப் பார்த்து நீங்கள் கடன் வாங்க முடியாது.

சம்பளம் பற்றிச் சொன்னீர்கள், அது அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளமாக இருக்கும். அதில் வரும் வருமானக் கணக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவியோ கடனோ பெற்ற மாணவர்களை வைத்துப் போடப்படுவது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்த உதவிக்குத் தகுதியே கிடையாது, ஆகவே உங்கள் மகனைப் போன்ற ஒருவர்கூட அந்தச் சராசரியில் இல்லை. அது விசா பிரச்சினை இல்லாதவர்களின் சம்பளம். நம் பிள்ளைக்கு ஓபிடி 12 மாதம், பொறியியல் என்பதால் மேலும் 24 மாதம், அப்புறம் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல், ஆண்டுக்கு 85,000 இடம்தான். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள், பிறகு அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து விசா நிலை மாறும் மாணவர்களுக்கு அது இல்லை என்று விளக்கினார்கள். நாலரை ஆண்டு கழித்து இந்த விதி எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, உங்கள் வங்கி உட்பட.

இப்போது நீங்கள் பார்க்காமல் விட்ட எண்ணுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடும், பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அதில் பி பகுதியில் மாணவர் எண்ணிக்கையும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதும் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது ஆறு ஆண்டில் முடித்தவர்கள் விகிதம், பர்டியூவில் அது 80 சதவீதத்துக்கு மேல். நான்கு ஆண்டில் முடித்தவர்கள் 60 முதல் 70 சதவீதத்துக்குள்தான் இருக்கிறார்கள். நூறு பேர் சேர்ந்தால் முப்பது பேருக்கு மேல் நாலு வருஷத்தில் பட்டம் வாங்கவில்லை என்று அர்த்தம்! எல்லோரும் தோற்றவர்கள் இல்லை, சிலர் வேறு இடம் மாறியிருப்பார்கள், சிலர் கோ-ஆப் என்று இடையில் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு ஐந்தாம் ஆண்டு முடிப்பார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனால் சும்மா இழுத்துக்கொண்டு போகிற ஐந்தாம் ஆண்டும் இருக்கிறது, அது எப்படி வருகிறது தெரியுமா? விசாவுக்கு ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட், அதாவது பாட அலகு, எடுத்தால் போதும், முழுநேர மாணவர் என்று கணக்கு. எட்டு செமஸ்டருக்கு 96தான் ஆகும். பட்டத்துக்கு 120க்கு மேல் வேண்டும். முதல் ஆண்டு கால்குலஸ் கஷ்டமாக இருக்கிறது என்று ஒன்றைக் கைவிட்டால், அதைத் தொட்டு வரும் பாடங்கள் எல்லாம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். போதாததற்குப் பர்டியூவில் பொறியியலுக்குச் சேருகிறவர்கள் எல்லோரும் முதல் ஆண்டு பொதுவாகப் படித்துவிட்டு, மதிப்பெண்ணை வைத்துத்தான் பிரிவுக்குப் போவார்கள், மகன் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கனவில் இருந்தால் அது கையில் இருக்கிற இடம் இல்லை என்பதை அவனிடம் பேசிவிடுங்கள்.

அந்த ஐந்தாம் ஆண்டின் விலை என்ன? கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு, புத்தகம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50,000 டாலர் என்று நான் வைப்பேன், டாலர் 90 ரூபாய் என்றால் 45 லட்சம். நான்கு ஆண்டுக்கு 1.8 கோடி. உங்களிடம் கடனும் சேமிப்பும் சேர்ந்து 1.65 கோடி. நாலு வருஷத்துக்கே 15 லட்சம் துண்டு விழுகிறது சார், ஐந்தாம் ஆண்டு வந்தால் 60 லட்சம்.

கடன் பக்கம் இன்னும் கனமாக இருக்கிறது. ஆண்டுக்கு 30 லட்சமாக நான்கு தவணையில் வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம், படிப்பு முடிந்து ஆறு மாதம் வரை எதுவும் கட்டவில்லை என்றால் தனி வட்டியாகவே 37.8 லட்சம் சேர்ந்திருக்கும். திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும்போது நிலுவை 1.58 கோடி. 15 ஆண்டுக்கு இஎம்ஐ மாதம் 1.74 லட்சம். இருவரின் இன்றைய சம்பளம் 2.05 லட்சம், அதுவும் நீங்கள் ஓய்வு பெறும் வரை மட்டும். கடைசி இஎம்ஐ கட்டும்போது உங்களுக்கு வயது எழுபது தாண்டியிருக்கும். மகனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து விசாவும் நின்றால் அவன் கட்டிவிடுவான், நான் மறுக்கவில்லை. கிடைக்காமல் ஊருக்குத் திரும்பி வந்து முதல் வேலையில் மாதம் 60,000 வாங்கினால், அந்த 1.74 லட்சத்தை யார் கட்டுவது? அடமானத்தில் இருப்பது நீங்கள் குடியிருக்கிற வீடு. மகள் அப்போது கல்லூரியில் இருப்பாள், உங்கள் கடிதத்தில் அவளுக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கியதாகத் தெரியவில்லை, அதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது.

வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு நான் வைக்கும் வரம்பு இது: பிள்ளை இந்தியாவிலேயே வேலை பார்த்தாலும், பெற்றோர் கொஞ்சம் கை கொடுத்தால் கட்டி முடிக்கிற அளவு. உங்களுக்கு அது 50 லட்சம், படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் இஎம்ஐ சுமார் 55,000. சேமிப்போடு சேர்த்தால் 95 லட்சம். நான்கு ஆண்டு இளநிலைக்கு இது பத்தாது, இரண்டு ஆண்டு எம்.எஸ்.ஸுக்கு ஏறக்குறையப் போதும். பையன் இங்கே நல்ல கல்லூரியில் பி.இ. முடிக்கட்டும், 22 வயதில் அதே பர்டியூவுக்கோ வேறு அரசுப் பல்கலைக்கழகத்துக்கோ போகட்டும். டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில், குறைந்தது 1,000 டாலர் போட்டி உதவித்தொகை கிடைத்த வெளி மாணவருக்கு உள்ளூர்க் கட்டணமே போடும் வழி சட்டத்திலேயே இருக்கிறது, இடங்கள் குறைவு, ஆனாலும் எம்.எஸ். விண்ணப்பிக்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

மகன் இப்போதே போகத்தான் வேண்டும் என்று நின்றால், மே 1ஆம் தேதிக்குள் இடத்தை உறுதி செய்யச் சொல்வார்கள், அதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு அவனையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். இடம் வெஸ்ட் லாஃபயெட்டிலா, இண்டியானாபொலிஸிலா என்று கேட்கட்டும், 2024 ஜூலையிலிருந்து அங்கேயும் பர்டியூ தனியாக நடக்கிறது. வெளிநாட்டு மாணவர்களில், பொறியியலில் மட்டும், நான்கு ஆண்டில் முடித்தவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்கட்டும். அப்புறம் காமன் டேட்டா செட்டில் எச்6 என்ற வரியைப் பாருங்கள், வெளிநாட்டு இளநிலை மாணவர்களில் எத்தனை பேருக்குப் பல்கலைக்கழகமே உதவித்தொகை தந்தது, சராசரி எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைப் பார்த்தபிறகு உதவித்தொகை கேட்டு எழுதுவதில் பலன் இருக்குமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, பிடிப்பதில்லை, சொந்தப் பணத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வருமான வரி விலக்கு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். இந்த விலக்கை நம்பிக் கடன் தொகையை ஏற்றாதீர்கள். 45 லட்சத்தில் 10 லட்சத்தை இந்த மாதமே மகள் பெயருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்து மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். 1.74 லட்சம் என்ற எண்ணை அவனும் பார்க்கட்டும், பதினேழு பதினெட்டு வயதுப் பையனுக்கு இது புரியும்.