படிவத்தில் மூன்று கட்டங்கள்

கேள்வி: எனக்கு வயது 63. கல்லூரி முடித்து 42 ஆண்டுகள் ஆகின்றன. வகுப்புத் தோழிகள் சேர்ந்து ஒரு மலர் தொகுக்கிறார்கள். பணி, குடும்பம், பயணம் என்று மூன்று கட்டங்கள் போட்ட படிவம் வந்திருக்கிறது. ஒருத்தி பேராசிரியையாக ஓய்வு பெற்றிருக்கிறாள். இன்னொருத்தி பேரப்பிள்ளைகளோடு நாடு நாடாகச் சுற்றுகிறாள். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, படுக்கையில் கிடந்த அம்மாவை 14 ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். எழுத என்ன இருக்கிறது? விடுதியில் என் அறைத் தோழியாக இருந்தவள் இரண்டு முறை விசாரித்து எழுதிவிட்டாள். பதில் போடவில்லை. ஒதுங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒதுங்க வேண்டாம்.

‘14 ஆண்டுகள் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்’ என்று எழுதிய கையோடு ‘எழுத என்ன இருக்கிறது’ என்றும் கேட்கிறீர்கள். அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எழ முடியாதவருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும்தான். ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் இடுப்பைத் தாங்கி, வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்புவது உங்களுக்குத் தெரியும். பணி என்ற கட்டத்தில் இதை எழுதாமல் வேறு எதை எழுதுவீர்கள்?

ஆனாலும் உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. முன்பின் தெரியாத ஒரு கோடீஸ்வரரின் வாழ்க்கை நம்மை உறுத்துவதில்லை. கூடப் படித்தவளின் வாழ்க்கை உறுத்துகிறது. மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். ஒரே வயது, ஒரே பெஞ்சு, ஒரே தேர்வுத்தாள். அங்கிருந்து புறப்பட்டவர்கள் என்பதால்தான் யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று மனம் அளக்கிறது. இதில் பொறாமை என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வகுப்பும் சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மலர் போட்டது. பதவிகளும் பேரப்பிள்ளைகளும் விமான நிலையப் படங்களுமாகப் பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் மகிழ்ச்சியான செய்திகள்தான். ஆனால் எது யாருடையது என்று மறுநாளே மறந்துவிட்டேன். ஒரு தோழி மட்டும் நான்கே வரி எழுதியிருந்தாள். கணவர் பேச்சிழந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன; மாலையில் அவருக்குச் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிறேன்; விளையாட்டுப் பக்கம் வந்தால் கையை அழுத்துவார். அன்றிரவே அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவளுடைய தொலைபேசி ஓயவே இல்லை என்று பிறகு தெரிந்தது. எத்தனை பேர் தங்கள் படிவத்தில் எழுதாமல் விட்டதை அவளிடம் சொன்னார்களோ!

ஆகவே நீங்களும் நாலு வரி எழுதுங்கள். அம்மாவைப் பற்றி ஒரு காட்சி, இப்போது உங்கள் காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று ஒரு வரி. பயணம் என்ற கட்டம் காலியாகவே இருக்கட்டும். வருத்தம் தெரிவிக்கும் தொனி மட்டும் வேண்டாம்.

ஆனால் மலருக்கு முன்னால், அந்த அறைத் தோழிக்கு எழுதுங்கள். இவ்வளவு நாள் கழித்து எழுதினால் என்ன நினைப்பாளோ என்று தயங்குவீர்கள். பெக்கி லியூ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான். விசாரித்து ஒரு வரி வந்தால் பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை அனுப்புபவர்கள் குறைத்தே கணித்தார்கள். எதிர்பாராமல் வந்தபோது பெற்றவர்களின் மகிழ்ச்சி இன்னும் கூடியது.

‘நீ இரண்டு முறை கேட்டாய், எனக்குக் கூச்சமாக இருந்தது’ என்றே தொடங்கலாம். இன்னொன்று. உங்கள் கடிதத்தில் பேராசிரியை இருக்கிறார், நாடு சுற்றுபவர் இருக்கிறார். உங்களைத் தேடி இரண்டு முறை எழுதியவள் எப்படி இருக்கிறாள் என்பது மட்டும் இல்லை. அதைக் கேளுங்கள்.