கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு: பத்திர எழுத்தர் பதில் சொல்கிறார்

சென்னையில் விடுதியை விட்டு வெளியே வந்து வீடு தேடும் மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் சார்பதிவாளர் அலுவலகம் எதிரே உட்கார்ந்து பல வருடங்களாக வாடகை ஒப்பந்தம் எழுதுபவர்.

கேள்வி: அண்ணா, நாங்கள் நான்கு பேர் கிண்டியில் படிக்கிறோம். வேளச்சேரியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. வாடகை 20,000. ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது தம்பி. 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைக்கும்தான் அந்த வரம்பு. பத்து மாதம் என்று எழுதியதில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூன்று மாதக் கணக்கைப் பேச முடியாது. அதனால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், "மூன்று மாதம் தருகிறோம், வாடகை ஒன்றாம் தேதியே வந்துவிடும்" என்று கேளுங்கள். ஐந்துக்கு இறங்கி வருகிற ஓனர்கள் நிறைய உண்டு.

எவ்வளவு கொடுத்தாலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஓனர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அந்தப் பெயரும் வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். தானே வாடகைக்கு இருந்துகொண்டு ஓனர் போல அட்வான்ஸ் வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். ரசீதைக் காட்டச் சொன்னால் உண்மையான ஓனர் கோபப்பட மாட்டார்.

திரும்ப வாங்குவதுதான் பெரிய பாடு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி போக மீதியைத் தர வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது என்ன? "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று இழுப்பார்கள், பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் ஓனர் வேலை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறும். ஆகவே அந்த வரியைத் தேடிப் படியுங்கள், பெயின்ட் செலவு உங்கள் மேல் என்று இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். "சாவி கொடுக்கும் நாளிலேயே அட்வான்ஸ் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குடி போகும் அன்று ஒவ்வொரு சுவரையும், குழாயையும், பாத்ரூமையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஓஎல்எக்ஸில் அடையாறில் ஒரு வீடு, வாடகை ரொம்பக் குறைவு. ஓனர் ராணுவத்தில் இருக்கிறாராம். அடையாள அட்டையெல்லாம் அனுப்பினார். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தால் அட்வான்ஸை அவரே முதலில் போட்டுக் காட்டுவாராம்.

பதில்: உடனே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ராணுவ அட்டை காட்டுவது பழகிப்போன ஏமாற்று. ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடத் தரக்கூடாது.

கேள்வி: மகளுக்கு வயது 17, முதலாண்டு. தோழிகளோடு வீடு எடுக்கிறாள். அவளே ஒப்பந்தம் போடலாமா, சார்?

பதில்: 18 முடியாமல் போடும் ஒப்பந்தம் செல்லாது அம்மா. நீங்களோ அவள் அப்பாவோ கையெழுத்துப் போடுங்கள், அவள் அங்கே குடியிருப்பாள் என்பதைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள்.

வீடு அமையாமல் பெண்கள் ஹாஸ்டல் பார்த்தால், கலெக்டர் கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். சோறு எப்படி, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: கரண்ட் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்கிறார் ஓனர். சரியா?

பதில்: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில்லில் முதலில் வரும் யூனிட்டுகள் இலவசம், அதனால் எல்லா யூனிட்டுக்கும் 10 ரூபாய் என்பதை அப்படியே ஏற்காதீர்கள். தனி இணைப்பு உள்ள வீடு என்றால் பில்லை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள், ஓனர் வழியாகப் போக வேண்டியதே இல்லை. ஓனர் இணைப்பிலிருந்தே பிரித்து வைத்த சப் மீட்டர் என்றால்தான் இந்தத் தொல்லை. மொத்த பில்லைக் காட்டச் சொல்லிப் பிரித்துக் கட்டுகிறோம் என்று பேசுங்கள். முதல் நாள் ரீடிங்கைப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: மடிப்பாக்கத்தில் தரைத்தளம் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள், அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் வர வேண்டும். முனையில் இஸ்திரி போடுகிறவர் உள்ளதைச் சொல்வார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத்துக்கும் இதே பேச்சுதான். முடிந்தால் முதல் மாடி பாருங்கள். கோடையில் தண்ணீர் லாரி வந்தால் காசு யார் கொடுப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: நண்பர்கள் வந்து போகிறார்கள் என்று ஓனருக்குக் கோபம். மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டார்.

பதில்: அது கூடவே கூடாது. உங்கள் மேல் என்ன குறை இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. முதலில் சொன்ன வாடகைச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அவரிடம் பதிந்து எண் வாங்கியிருந்தால் உங்கள் பேச்சு எடுபடும். இதற்காகவே 11 மாத ஒப்பந்தம் என்றாலும் பதியச் சொல்கிறேன். அது போகட்டும், இரவு பதினொரு மணிக்கு மாடிப்படியில் சத்தம் போடாமல் இருக்கவும் நண்பர்களிடம் சொல்லுங்கள். கீழே வயதானவர்கள் இருக்கலாம்.

கேள்வி: நான்கு பேரில் ஒருவன் ஆறாவது மாதம் போகிறேன் என்கிறான். அவன் பங்கு அட்வான்ஸை யார் தருவது?

பதில்: ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் ஓனர் முழு வாடகையையும் அவரிடம்தான் கேட்பார். நாலு பேரும் கையெழுத்துப் போடுவதே நல்லது. அப்புறம் உங்களுக்குள் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார், நடுவில் போகிறவர் மாற்று ஆளைக் கொண்டுவர வேண்டுமா, எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும். வருகிற புது ஆள், போகிறவர் பங்கை அவரிடமே கொடுத்துவிடலாம். ஓனரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிப் புதுப் பெயரை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.