பக்கத்து விண்மீனைச் சேர்த்து அளந்தீர்களா?

கேள்வி: எச்டி 189733 என்ற ஆரஞ்சு நிறக் குறு விண்மீனை 8 அங்குலத் தொலைநோக்கியில் கேமரா பொருத்தி இரண்டு மணி நேரம் படமெடுத்தேன். மீன் 60 பாகை உயரத்தில் இருந்தபோது தொடங்கி, 30 பாகைக்கு இறங்கியதும் முடித்தேன். ஒளி 15 சதவீதம் குறைந்தது, திரும்ப ஏறவே இல்லை. அதைச் சுற்றும் கோள் முன்னே கடக்கும்போது ஒளியில் 2.4 சதவீதம்தான் மறைக்கும் என்கிறார்களே, அது தவறா?

பதில்: தவறில்லை. நீங்கள் அளந்தது நம் தலைக்கு மேலுள்ள காற்றை. நேர் உச்சியில் ஒளி கடந்துவரும் காற்றை 1 என்று வைத்தால், 60 பாகையில் அது 1.15, 30 பாகையில் 2. ஒரு மடங்கு காற்றுக்கு 0.2 மாக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அலகு) இழப்பு என்று போட்டுப் பாருங்கள்: 0.17 மாக்னிட்யூட் வரும். அதுவே உங்கள் 15 சதவீதம்.

கோளின் கணக்கு வேறு. வியாழனைவிடச் சற்றே பெரிய அந்தக் கோளின் விட்டம் விண்மீனின் விட்டத்தில் 0.155 பங்கு. மறைவது பரப்பு என்பதால் 0.155-ஐ அதாலேயே பெருக்குங்கள்: 0.024. சூரியன் அளவுள்ள மீனை இதே கோள் கடந்தால் 1.4 சதவீதம்கூடத் தேறாது. இந்த மீன் சூரியனில் முக்கால் பங்கு அகலமே என்பதால்தான் சிறு கருவிக்கும் சிக்குகிறது.

அதே படத்தில், ஏறக்குறைய அதே பிரகாசமுள்ள வேறொரு மீனையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். காற்றின் இழப்பு இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துவிடும். நீல மீனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்று நீலத்தை அதிகம் தின்னும். இரண்டும் இறங்க இறங்க உங்கள் ஆரஞ்சு மீன் பிரகாசமாவதுபோல் போலியாகத் தெரியும். சிவப்பு வடிகட்டி போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

மீனின் பிரகாசம் 7.7 மாக்னிட்யூட். கூர்மையாக ஃபோகஸ் செய்தால் நொடியில் பிக்சல்கள் நிரம்பி வழியும். ஃபோகஸைக் கலைத்து மீனைச் சிறு வட்டாக விரித்து, 20 முதல் 40 நொடி வரை ஒளி வாங்குங்கள். அப்போது மினுக்கமும் சராசரியாகி அடங்கும். எந்தப் பிக்சலின் அளவும் கேமராவின் உச்சமான 65,535-இல் பாதியைத் தாண்டக் கூடாது. மீன் படத்தில் நகர்ந்தால் சென்சார் தூசியே ஒளி குறைந்ததுபோல் ஒரு பள்ளத்தைப் போட்டுக் காட்டும். மீனை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் வழிகாட்டிக் கேமரா கட்டாயம் வேண்டும்.

ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த ஒளிவளைவில் (நேரத்துக்கு எதிரான ஒளியின் வரைபடம்), கோள் மீனின் மேலுள்ள கரும்புள்ளியைக் கடந்தபோது பள்ளத்தின் நடுவே சிறு மேடு தெரிந்தது. அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. உங்கள் வளைவில் மேடு தெரிந்தால் முதலில் மேகத்தைச் சந்தேகியுங்கள்.

கோள் மீனின் முன்னே செல்லும் கடப்பு 1 மணி 50 நிமிடம் நீடிக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் சேர்த்து நாலு மணி நேரம் படமெடுங்கள்; அந்தச் சமதளம் இல்லாமல் எவ்வளவு குறைந்தது என்று சொல்லவே முடியாது. கோள் 53 மணி 14 நிமிடம் 45 நொடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஒன்பது சுற்றுக்கு 20 நாளில் 47 நிமிடம் குறைவு. எனவே ஓர் இரவு 11 மணிக்கு வாய்த்தது மேகத்தால் கெட்டால், 20 நாள் கழித்து 10:13-க்குத் தயாராக இருங்கள்.