வரைய ஒன்றுமே இல்லை என்கிறீர்களே!

கேள்வி: ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறேன். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவேன். தினம் ஒரு படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுவது என்று பலமுறை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடுகிறது. நடிகர் முகம், மயில், மலைக்காட்சி எதுவானாலும் போனில் பார்த்து வரைந்தால் அச்சு அசலாக வருகிறது. ஆனால் இன்றைக்கு எதை வரைவது என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடுகிறது. என் அன்றாட வாழ்க்கையில் வரைய ஒன்றுமே இல்லை. விடாமல் வரைய என்ன வழி?
— வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் மற்றதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன், கடைசிக்கு முந்தைய வரியை மட்டும் ஏற்க முடியாது. ஈரோட்டில் ஏறித் திருப்பூரில் இறங்குகிறவர் வரைய ஒன்றுமே இல்லை என்று சொல்லலாமா? ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, மடியில் டிபன் பையை இரண்டு கையாலும் பிடித்தபடியே தூங்குகிற பெண் உங்கள் பெட்டியில் இல்லையா? கொக்கியில் தொங்கி ஆடும் கட்டைப்பை? சீட்டுக்கு அடியில் ஆளுக்கொரு பக்கமாகக் கழற்றிவிட்ட செருப்புகள்? கம்பெனிக்குள் நுழைந்தால் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் வரிசை, துணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே டீ குடிக்கும் கட்டிங் மாஸ்டர், காதில் பேனா செருகிய செக்கிங் அக்கா. இத்தனையும் தினம் உங்கள் கண்ணில் படுகிறது. உங்கள் நோட்டில் மட்டும் வருவதில்லை.

உங்களுக்குச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வீட்டு வேலையும் முடித்த பிறகு, ஊருக்குக் காட்டும்படியான முழுப்படம் ஒன்றைத் தினமும் போட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் யாராலும் தொடர முடியாது. நின்றுபோனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்ற வேண்டியது அந்த விதியைத்தான்.

போனைப் பார்த்து வரைவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கை பழக அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் எங்கே நிற்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வேறொருவர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார். ஆழமுள்ள பொருளை கேமரா தட்டையாக்கி வைத்திருக்கிறது. அது அசையாமலும் இருக்கிறது. உங்களுக்கு மிச்சம் கிடைப்பது அளவு பார்த்து எடுத்தெழுதும் வேலைதான். அதனால்தான் தினமும் புதிதாக ஒரு படம் தேட வேண்டியிருக்கிறது. நேரில் பார்த்து வரைகிறவருக்கு இந்தத் தேடல் இல்லை. நேற்று வரைந்த டம்ளரையே இன்றும் வரையலாம், அது வேறு படமாகத்தான் வரும்.

சந்தேகமாக இருந்தால் நாளைக் காலை காபி டம்ளரை டபராவுக்குள் வைத்து, முன்னால் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். டம்ளரின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது நீள்வட்டமாகத்தான் தெரியும். வரையும்போது அதன் இரண்டு ஓரத்தையும் இலை நுனிபோலக் கூராக்கிவிடுவோம். நிஜத்தில் அங்கே கூர் கிடையாது, கோடு வளைந்து திரும்புகிறது. டபராவின் வாய் டம்ளரின் வாயைவிடக் கீழே இருப்பதால், இன்னும் கொஞ்சம் உருண்டையாகத் தெரியும். டம்ளரை வெளியே எடுத்து மேஜையில் வைத்தால் பெரும்பாலோர் அதன் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். மேஜைமேல் தட்டையாக நிற்கிறது என்ற நினைப்பு கையைப் பிடித்து இழுக்கிறது. ஆனால் கண் மட்டத்திலிருந்து கீழே போகப்போக வளைவு கூடத்தான் செய்யும். அதே டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள், வாய் ஒரே கோடாகிவிடும். ஒரு டம்ளரில் மட்டும் ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது. மயில் படத்தைப் பார்த்து எழுதும்போது இந்தக் கேள்வி ஒன்றுகூட எழாது.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் பெரிய அலைப் படத்துக்காக உலகப் புகழ் பெற்றவர். அவருடைய 'மாங்கா' என்ற கோட்டோவியத் தொகுதிகளையும் தேடிப் பாருங்கள். முதல் தொகுதி 1814இல் வந்தது, மொத்தம் 15. கடைசிச் சில தொகுதிகள் 1849இல் அவர் இறந்த பிறகு வெளியானவை. சுமை தூக்குகிறவர், குளிக்கிறவர், மல்யுத்தம் போடுகிறவர், தச்சர், பறவை, மீன் என்று ஒரே பக்கத்தில் நெருக்கமாக வரைந்திருப்பார். பல பக்கங்களில் பின்னணியே கிடையாது. வரையத் தகுந்தது, தகாதது என்ற பாகுபாட்டை அந்தப் பக்கங்களில் பார்க்கவே முடியாது.

நம் பக்கத்திலேயே தஞ்சாவூர்க்காரரான கோபுலு இருந்தார். ஆனந்த விகடனில் அவர் வரைந்த கூட்டப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் நிற்கிற விதமும் வேட்டியை மடித்துக் கட்டிய விதமும் வேறாக இருக்கும். ஆட்களை ஊன்றிப் பார்த்துப் பழகாத கைக்கு அது வராது.

இந்தக் காலத்து ஆள் வேண்டுமென்றால் கேப்ரியல் கம்பனாரியோ. ஸ்பெயினிலிருந்து வந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குடியேறிய பத்திரிகைக்காரர். புது ஊரைப் பழகிக்கொள்ள வரைந்தவர், 2007இல் இணையத்தில் ஒரு குழு தொடங்கினார். 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் இருக்கிறது. அவர்களின் முதல் விதி, இடத்திலேயே இருந்து, நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது. அதை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதம் வந்தால் நாளுக்கொரு தலைப்பு கொடுத்து வரையச் சொல்லும் இங்க்டோபர் பட்டியல் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் மையால் வரையும் தன் திறமையைச் சீர்செய்துகொள்ள 2009இல் தொடங்கியது அது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஈரோட்டுக்காரர் இன்று எதைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கிருந்தோ வரும் ஒரு சொல் தீர்மானிக்கக் கூடாது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைப்பைக்குள் அடங்குகிற கோடு போடாத நோட்டு ஒன்று, சாதாரண பால்பாயிண்ட் பேனா ஒன்று. விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக் வேண்டாம், நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கை நின்றுவிடும். ரப்பரும் வேண்டாம். கோடு தப்பினால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும். ராத்திரியில் உட்காராதீர்கள். ரயிலில் இடம் கிடைத்ததும் நோட்டைத் திறந்து, ஊத்துக்குளி வந்ததும் மூடிவிடுங்கள். ரயில் குலுங்கும், கோடு நடுங்கும், நடுங்கட்டும். உட்கார இடம் கிடைக்காத நாளில் மதியம் சாப்பிட்ட பிறகு கம்பெனியில்.

ஆட்கள் அசைகிறார்களே என்பீர்கள். தூங்குகிறவரில் தொடங்குங்கள். அப்புறம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு வாருங்கள். பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டெய்லரைக் கவனியுங்கள். குனிந்து துணியைத் தள்ளுகிறார், முடிந்த பீஸை ஒதுக்குகிறார், அடுத்ததை எடுக்கிறார், மறுபடி குனிகிறார். ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் மூன்று நிலையையும் ஆரம்பித்துவையுங்கள். அவர் குனியும்போது முதல் படத்தில் இரண்டு கோடு, எடுக்கும்போது மூன்றாவதில் இரண்டு கோடு. முதுகு வளைவையும் தலை சாய்வையும் முதலில் பிடியுங்கள். விரலும் சட்டைப் பொத்தானும் கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் குறையில்லை. பக்கத்தில் அரைகுறைப் படங்கள் நிறையச் சேரும். அவைதான் பயிற்சி. ஒன்றையும் வீட்டுக்குப் போய் முடித்துவிட வேண்டாம், முடிக்க உட்கார்ந்தால் ஊகம் உள்ளே வந்துவிடும்.

வரைவதை யாராவது கவனித்துவிட்டால் நோட்டை மறைக்காமல் நீட்டுங்கள். பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தால் பக்கத்தைத் திருப்பி செருப்புகளை வரையுங்கள். தூங்குகிற பெண்ணின் முகத்தை யார் என்று தெரியும்படி வரைந்து வெளியிடுவது நியாயமில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

இன்ஸ்டாகிராம் இந்த நோட்டு முடிகிறவரை வேண்டாம். போட ஆரம்பித்தால் மறுபடியும் மயிலுக்கே போய்விடுவீர்கள், ஏனென்றால் லைக் அங்கேதான் விழும். படங்களுக்கு முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் போடாதீர்கள். அந்த எண்ணிக்கை அறுந்த அன்றுதான் ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருப்பீர்கள். தேதி போடுங்கள், பக்கத்தில் ரயில் தாண்டிய ஸ்டேஷன் பெயரை எழுதுங்கள், விஜயமங்கலம், ஊத்துக்குளி என்று. விட்டுப்போன நாளுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டாம். எங்கே நிறுத்தினீர்களோ அதற்கு அடுத்த பக்கத்தில் அடுத்த தேதியைப் போட்டுத் தொடருங்கள்.