எராஸ்மஸ் ஏன் மடமையைப் புகழ்ந்து எழுதினார்?

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்திலேயே தேடிப் படித்த அறிஞர்களை மானுடவாதிகள் என்கிறோம். மனிதரின் மடமையையும் போலிப் பக்தியையும் சிரிக்க வைத்தே சுட்டிக்காட்டுவது அவர்களுடைய அங்கதம். அதில் எனக்கு மிகப் பிடித்தது, நெதர்லாந்தைச் சேர்ந்த மானுடவாதி எராஸ்மஸின் 'மடமையின் புகழுரை'. 1509-இல் லண்டனில் நண்பர் தாமஸ் மோர் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதியது; 1511-இல் அச்சானது.

இதில் மடமை ஒரு பெண்ணாக மேடையேறி, தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறாள். ஏன் இந்த வேடம்? திருச்சபையை நேரடியாகக் குறை சொல்வது அன்று ஆபத்து. விருந்தாளி முன்னால் வீட்டுக் குழந்தை உண்மையைப் போட்டு உடைத்தால் எல்லோரும் சிரித்துவிடுவோம். அதையே பெரியவர் சொன்னால் சண்டை வரும். குழந்தைக்குக் கிடைக்கும் அந்தச் சலுகைதான் மடமைக்கும்.

அப்புறம் அவள் யாரையும் விடுவதில்லை: வணிகர், இலக்கண ஆசிரியர், இறையியலாளர், போப். இறுதித் தீர்ப்பு நாளில் ஒரு துறவி வந்து, "60 வருடமாக இரண்டு ஜோடி கையுறை போடாமல் பணத்தைத் தொட்டதே இல்லை" என்று பெருமையடிப்பாராம். கிறிஸ்துவோ, தான் வாக்களித்தது அங்கிக்கும் நோன்புக்கும் அல்ல, அன்புச் செயல்களுக்குத்தான் என்பாராம். சிரித்துக்கொண்டே படிப்போம், சட்டென்று நெஞ்சில் தைக்கும்.

எராஸ்மஸ் மதத்துக்கே எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர் குருப்பட்டம் பெற்றவர், 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தவர், திருச்சபையிலிருந்து பிரிந்து புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரோடு முரண்பட்டு 1536-இல் இறக்கும்வரை கத்தோலிக்கராகவே இருந்தவர்.